டாக்டரம்மா திரும்பிப் போகாத வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். என் பெரியப்பா பேத்திக்கு. முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டோம். இலையில் ஒப்பிட்டு, அதாவது போளி, விழுந்தது. அதன் தலையில் நெய்யும் விழுந்தது. பக்கத்து இலையில் என் மனைவி உமா. அவள் போன் அடித்தது.

எனக்குப் பசி போய்விட்டது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு உமாவைத் தெரியும். சர்ஜன். பீளமேட்டுப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை. போன வருஷம் அவளை மெடிக்கல் சூப்பரிண்டெண்டன்ட் ஆக்கினார்கள். அங்கே இருக்கிற அத்தனை டாக்டர்களுக்கும் அத்தனை வார்டுகளுக்கும் அவள்தான் பொறுப்பு. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல் போதும் — அன்றிலிருந்து நாங்கள் எந்தக் கல்யாணத்திலும் பாயசம் வரை உட்கார்ந்ததில்லை.

போனில் ஸ்டீபன். அந்த ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டர். டயாலிசிஸ் யூனிட்டுக்குத் தலைவர்.

"மேடம், யூனிட்டுல தண்ணி சுத்தம் பண்ற மெஷின் நின்னுபோச்சுங்க."

கேட்க ஏதோ வீட்டுச் சமையலறைச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறதல்லவா? இல்லை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் டயாலிசிஸ் கிடையாது. டயாலிசிஸ் இல்லாவிட்டால் அன்றைக்கு முறை வைத்து வந்து காத்திருக்கிற நோயாளிகளில் சிலர் சாயந்தரம் வரை தாங்குவார்களா என்பதே சந்தேகம். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவர்களும் அதில் உண்டு.

உமா எழுந்துவிட்டாள். இடது கையை என் பக்கம் நீட்டினாள். "ஏனுங்க, கார் சாவி."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நன்றாகத் தோசை சுடுகிற மாஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து ஓட்டலையே நீங்க பாத்துக்கங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? கல்லாவில் உட்காருவார். ஆனால் கருகல் வாசம் வந்தால் எழுந்து ஓடிப் பையன் கையிலிருக்கிற கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். தோசை நன்றாகத்தான் வரும். கல்லாவில் யார் இருப்பார்கள்?

உமா பிடுங்கிய கரண்டிகள் கொஞ்சமல்ல. வார்டில் ஏசி ஓடவில்லையா, அவளுக்குப் போன். கேன்டீன் சாம்பாரில் உப்பா, அவளுக்குப் போன். பார்க்கிங்கில் இரண்டு டாக்டர்களுக்குள் சண்டையா... அதற்கும் நேரில் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணிவிட்டு வந்தாள். நடுவில் ஆபரேஷன்களும் உண்டு. வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதே தூங்கி வழிவாள். கார் ஓட்டிக்கொண்டு வருகையில் இப்படித் தூங்கினால்? அந்தக் கவலையில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். எழுத வேண்டிய கட்டுரைகள் அப்படியே கிடக்கும்.

டிரஸ்ட்டில் அவளை லீடர்ஷிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டல், வந்தவர்கள் எல்லாம் பதவிக்கு வந்த டாக்டர்கள். ஒரு விளையாட்டு வைத்தார்களாம். பேப்பர் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்ட வேண்டும். குழுவின் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லலாம், கப்பைத் தொடக்கூடாது.

"யாரு மொதல்ல அவுட்டு?" என்று கேட்டேன்.

"நான்தானுங்க" என்றாள். "அந்தக் குழந்தைகள் டாக்டரு கப்பைத் தலைகீழா வெக்கறாரு. பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

நியாயம்தானே?

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், போன மாதம் ஒரு சாயந்தரம் ஸ்டீபன் வீட்டுக்கு வரும்வரை. நல்ல பையன். பையன் என்றால் நாற்பதை நெருங்குகிறவர்தான், எனக்குப் பையன். உப்பிலிபாளையத்துக்காரர். நான் போட்ட காபியைக் குறை சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். கொச்சியில ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க. போலாம்னு யோசிக்கறேனுங்க."

"ஏனுங்க ஸ்டீபன், சம்பளமா?"

"அது இல்லீங்க." கொஞ்சம் தயங்கினார். "யூனிட்டுக்கு நான்தான் தலைவர்னு போர்டு இருக்குது. ஆனா எது ஒண்ணுன்னாலும் எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி சிஸ்டர்ங்க உங்களுக்குப் போன் பண்ணிடறாங்க. நீங்களும் வந்து முடிச்சுக் குடுத்துடறீங்க. நீங்க பண்றது சரியாத்தானுங்க இருக்குது, அதுல ஒண்ணும் குத்தமில்லீங்க. அப்புறம் அங்க நான் எதுக்குங்க மேடம்?"

எங்கள் ஊரில் சண்டை போடுவதானாலும் இப்படித்தான் போடுவோம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க' போட்டு. ஆனால் அடி அடிதான். அவர் போன பிறகு உமா அவர் குடித்த டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சமயத்தில் ஆறுதல் சொன்னால் எனக்கு விழும் என்பது அனுபவம்.

கடைசியில் அவளே சொன்னாள். "நான் ஓடலைன்னா யாராச்சும் செத்துப்போயிருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க."

அதுவரை எனக்கு அது தெரியாது. பதவி வந்துவிட்டால் எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்று ஒரு கர்வம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யோசித்துப் பாருங்கள். படிக்கிற காலத்திலிருந்து ஒரு மனுஷிக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கூப்பிட்டால் ஓடு. ஓடாத டாக்டர் பாவி. அப்படியே முப்பது வருஷம் ஓடியவளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "இனிமேல் ஓடாதே, அடுத்தவரை ஓடவிடு" என்றால் எப்படி முடியும்? கர்வமாக இருந்தால் கிண்டல் பண்ணிச் சரி பண்ணிவிடலாம். பயத்தை என்ன செய்வது?

சரி, உடுமலைக்கு வருவோம்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். அவள் கையில் சாவி, காதில் போன். "இருங்க ஸ்டீபன், நான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். பரிமாறுகிறவர் ரச வாளியோடு பின்னால் காத்திருக்கிறார். "கொஞ்சம் தள்ளுங்க டாக்டரம்மா" என்கிறார். அவள் நகரவில்லை.

அப்புறம் கேட்டாள், "நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். அப்புறம் ஸ்டீபன் சொன்னது எனக்கும் கேட்டது. மெஷின் கம்பெனிக்காரர்கள் மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறார்கள், தனக்கு நம்பிக்கை இல்லை. அவசரக் கேஸ்களை எதிரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாம், அங்கே பேசியாகிவிட்டது. நம் வேனிலேயே போகட்டும், நம் சிஸ்டர்களும் கூடப் போகட்டும், ஆகிற செலவு நம்முடையது. தாங்கக்கூடியவர்கள் நாளைக்கு வரட்டும்.

எதிரில் இருக்கிற ஆஸ்பத்திரி. இரண்டு ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு ஆகாது என்றால், அவர்கள் புதிதாக விளக்குப் போர்டு வைத்தால் இவர்கள் அடுத்த மாதமே அதைவிடப் பெரிதாக ஒன்று வைப்பார்கள். அங்கே கொண்டுபோய் விடுவதா, அதுவும் சொந்த வேனில்? அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"பேஷண்ட்ஸைக் கண்ணு முன்னாடி பார்க்கறது நீங்கதான் ஸ்டீபன். உங்களுக்குச் சரின்னு பட்டுதுன்னா செய்ங்க. பெரியவர் கேட்டா நான் பேசிக்கறேன்."

சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை.

பெரியவர் என்றால் டிரஸ்ட்டின் சேர்மன். பழைய மில் குடும்பம். வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் மட்டும் அசல் கோயமுத்தூர்த் தமிழ் வரும், ஸ்பீக்கர் போடாமலே பந்தி முழுக்கக் கேட்கிற குரலில். நாங்கள் கை கழுவுவதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏம்மணி, நம்ம பேஷண்டை நம்ம வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போயி எதிர்க்கடையில எறக்கி உட்டுப்போட்டு வாராங்களாமா? ஊரு சிரிக்காதா? யாரு இந்த முடிவை எடுத்தது?"

உமா நிமிர்ந்து நின்றாள். "என் முடிவுங்கய்யா."

"நீங்களா?"

"நானேதானுங்க."

"நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் காத்துக் கிடந்த நேரம் இருக்கிறதே... அதை எப்படிச் சொல்ல? மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ வந்தால் பாருங்கள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் துக்க வீட்டில் எடுத்த மாதிரி இருக்கும். ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேன் சிக்னலில் மாட்டிக்கொண்டால்? என் பெண்டாட்டி வேலை போவதுகூடப் பெரிதில்லை, அவள் இனி எப்படித் தூங்குவாள்?

"ஒருதடவை கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளு."

"வேண்டாம். மறுபடி நான் உள்ள பூந்த மாதிரி ஆயிரும்." போனை என் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். "நீங்களே வெச்சிருங்க."

பொள்ளாச்சி தாண்டி, கிணத்துக்கடவு தாண்டி வந்துகொண்டிருந்தோம். பையில் போன் அதிர்ந்தது. காரை ஓரம் கட்டி எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாருக்கும் முடிஞ்சுதுங்க மேடம். நல்லா இருக்காங்க. எல்லாரும் ஊட்டுக்குக் கெளம்பியாச்சு."

ஸ்டீபனே தொடர்ந்தார். "மெஷினைப் பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ள ஒரு பார்ட்டு போயிருச்சாமா, சென்னையிலிருந்து வரோணுமாம். நாளைக்குத்தான் ஓடும். சூலூர்ல இருந்து வர்ற ஒரு வயசானவருக்குப் பொட்டாசியம் ரொம்ப ஏறியிருந்துதுங்க. அவரைத்தான் மொதல்ல ஏத்துனோம். மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சிருந்தா தாங்கியிருக்க மாட்டாருங்க."

"நல்லதுங்க ஸ்டீபன். ரொம்ப நல்லதுங்க."

"மேடம், பெரியவர்கிட்ட அது உங்க முடிவுன்னு சொன்னீங்களாமா. ஆபீஸ்ல பேசிக்கறாங்க."

"ஆமாங்க."

பிறகு, "கொச்சிக்காரங்களுக்கு இன்னும் பதில் சொல்லாம இருந்தேனுங்க. இன்னைக்குச் சொல்லிடறேன்" என்றார்.

"என்னன்னு?"

"வரலைன்னுங்க."

போனை வைத்தபிறகு உமா அழுதாள். ரோட்டோரம், லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன். அப்பாடா.

அழுது முடித்து அவள் ஒன்று சொன்னாள். "நான் போயிருந்தா காக்க வெச்சிருப்பேனுங்க."

"என்னது?"

"மெக்கானிக் தலைமேல உக்காந்துக்கிட்டு, ‘இதா ஆச்சு, இதா ஆச்சு'ன்னு எல்லாரையும் உக்கார வெச்சிருப்பேன். எதிர் ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும்னு எனக்குத் தோணியே இருக்காது."

ஓடினால்தான் உயிர் பிழைக்கும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள், ஒரு உயிர் பிழைத்ததே தான் ஓடாததால்தான் என்று சொல்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்? ஆபரேஷன் தியேட்டரில் அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கிணத்துக்கடவு ரோட்டோரத்தில் பார்த்தவள் பெரிய டாக்டர்தான், சந்தேகமில்லை.

அங்கேயே ஆளுக்கு ஒரு இளநீர் குடித்தோம். காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போனது அதுதான். இன்னொன்று வேண்டும் என்றாள். வழுக்கையையும் விடவில்லை. அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்து படுத்தவள் விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க வேண்டிய அவசியம் இல்லாமல் நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெரியவரைப் பார்க்கப் போக வேண்டும். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். இந்தத் தடவை குரல் பாதியாகக் குறைந்திருந்தது, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அம்மணி, அந்தச் சூலூர்க்காரரு எங்க மில்லுல ரொம்ப வருஷம் இருந்தவருங்க. அவரு மகன் போன் பண்ணி அழுதுபோட்டான். ‘வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம சிஸ்டர் எங்கப்பன் கையைப் புடிச்சுட்டே இருந்தாங்க, இனி எங்களுக்கு எந்நாளும் உங்க ஆஸ்பத்திரிதான்'ங்கறான். நல்ல முடிவெடுத்தீங்க அம்மணி."

"அது என் முடிவில்லீங்கய்யா. டாக்டர் ஸ்டீபன் எடுத்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு."

பெரியவர் விடவில்லை. "நேத்து உங்க முடிவுன்னு சொன்னீங்களே?"

"நேத்து நீங்க திட்டறதுக்குக் கூப்பிட்டீங்கய்யா."

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு எங்கள் சமையலறை வரை கேட்டது.

திட்டு வந்தால் தலைமைக்கு, பாராட்டு வந்தால் மற்றவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் இப்போது அதுதான் நடைமுறையாம். வீட்டில் மட்டும் இன்னும் பழைய முறையே தொடர்கிறது — பாராட்டு டாக்டரம்மாவுக்கு, திட்டு எனக்கு.