பத்து லிட்டர் தொட்டிக்கு யாரை அனுப்புவது

சாரம் கடைத்தெருவில் மீன் தொட்டிக் கடை வைத்தே என் பாதி வாழ்க்கை போயிற்று. இத்தனை வருடத்தில் என்னோடு சண்டை போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மேசை மேல் வைக்கும் சின்னத் தொட்டி வாங்க வந்தவர்கள்தான். கோல்ட் ஃபிஷ் குட்டி ரெண்டு போடுங்கள் என்பார்கள். பத்து லிட்டர் தண்ணீரில் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும் என்றால், பிறகு எதற்குத் தொட்டி விற்கிறாய் என்பார்கள். நியாயமான கேள்விதான். இது மீன் விற்கிற கடையா, மீன் கொடுக்க மாட்டேன் என்கிற கடையா என்று என் மனைவியே கேட்பாள்.

திரேஸ் அம்மாவும் கோல்ட் ஃபிஷ் கேட்டுத்தான் வந்தார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொல்லியும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"டிவி போட்டாலும் பாக்க மாட்றாரு தம்பி. எதையாவது ஒண்ண பாத்தார்னா போதும்" என்றார் அந்த அம்மா.

அப்போதும் கோல்ட் ஃபிஷ் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கருவடிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கே போய், சுவரோரம் அவர் எதிரில் இருந்த மேசையில் தொட்டியை வைத்தேன். மணல், ஸ்பான்ஜ் ஃபில்டர், கடையிலிருந்து எடுத்துப்போன செடிகள். மீன் கிடையாது. கழிவைத் தின்னும் கிருமிகள் ஃபில்டரில் வளர்ந்து தண்ணீர் பழகிய பிறகுதான் மீன் விடுவேன். அதுவரை அந்தக் கிருமிகளுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடச் சொன்னேன். வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திரேஸ் அம்மா கண் கலங்கினார். வண்டியில் திரும்பும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

யாரை அனுப்புவது என்று நாள் முழுக்க அதே யோசனை. கப்பி என்றால் குட்டி போட்டுத் தொட்டியை நிறைத்துவிடும். நியான் டெட்ராவுக்குக் கூட்டமும் வேண்டும், ஓடியாட இடமும் வேண்டும். கடைசியில் ஃபைட்டர் மீன் என்று முடிவு செய்தேன். தனி ஆள், மெதுவாகத்தான் திரிவான், அவர் கண்ணும் கூடவே போக முடியும்.

தண்ணீர் பழகியதும், இருப்பதிலேயே அழகான ஒரு நீல ஃபைட்டரைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். தொட்டிக் கண்ணாடியில் மிளகளவு நத்தை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. செடி இலையில் முட்டையாக ஒட்டி வந்திருக்கும். எங்கள் தொழிலில் நத்தை என்றாலே தலைவலி, ஒன்று வந்தால் பெருகித் தொட்டியையே மூடிவிடும். போதாததற்கு ஃபைட்டர் அதன் கொம்பைக் கடித்துக் குதறிவிடும். எடுத்துப் போட்டுவிடலாம் என்று தண்ணீருக்குள் கையை விட்டேன்.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். திரேஸ் அம்மா என்று நினைத்தேன். அவரோ அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அது... இருக்கட்டும்" என்றார் பெரியவர். குழறித்தான் வந்தது. இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

இத்தனை நாளும் அவர் சுவரைப் பார்க்கிறார் என்றுதான் அந்த அம்மா நினைத்திருக்கிறார். நத்தை இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஃபைட்டரை வந்த பையிலேயே கடைக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது யார் சின்னத் தொட்டி கேட்டாலும், எத்தனை லிட்டர் என்பதற்கு முன்னால், உட்கார்ந்து பார்க்கப்போவது யார் என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து திரேஸ் அம்மா போன் செய்தார். "தம்பி, நத்தை கண்ணாடியில முட்ட வச்சிருக்கு. 'திரேஸ், இங்க வா'ன்னு கூப்ட்டு காட்னாரு. என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு தம்பி."

நத்தை முட்டை கண்ணில் பட்டால் அன்றைக்கே வழித்தெடுத்துவிட வேண்டும். கடைக்கு வருகிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்வேன். திரேஸ் அம்மாவிடம் சொல்லவில்லை.