அம்மாவின் படத்துக்குக் கீழே

அம்மா இறந்தபோது அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். விசா புதுப்பிப்பில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்றார். அவர் இல்லாமலே அடக்கம் நடந்தது. பிறகு போன் செய்தபோதும் விசா, வக்கீல், அலுவலகம் என்றுதான் பேச்சு. அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, “அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேப்பா” என்றார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. பத்திரிகை வேலைக்காக அங்கே போய்வந்த பழக்கத்தில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். அதில் அம்மாவின் படத்தைப் போட்டேன். தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாது என்பதால், அவர் ஒக்கூரில் பிறந்ததையும் பள்ளியில் பாடம் நடத்தியதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அண்ணனுக்கு முகவரி அனுப்பினேன்.

“பாத்தவுக ஏதாச்சும் எழுத எடம் இருக்கா?” என்று அப்பா கேட்டார்.

இல்லை. அதற்காகவே ஒரு கெஸ்ட் புக் சேர்த்தேன். பின்னூட்டம் என்ற சொல்லெல்லாம் பின்னால் வந்தது. அதையும் ஒரு தளம் இலவசமாகத் தந்தது. அவர்கள் கொடுத்த நிரல் வரிகளைப் படத்துக்குக் கீழே ஒட்டினால் போதும்.

“மொதப் போணி நீங்களே பண்ணுங்கண்ணே, காலியாக் கெடந்தா எவன் வருவான்?” என்றார் சென்டர்காரர்.

“எம்மூத்தவன் பண்ணட்டும் தம்பி” என்றார் கூட வந்திருந்த அப்பா.

முதலில் எழுதியவர்கள் முன்பின் தெரியாதவர்கள். ‘அருமையான பக்கம், என் பக்கத்துக்கும் வாருங்கள்’ என்று ஒருவர், கடைசியில் சிரிக்கும் முகக் குறியோடு. சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

“சாவுக்குத் துட்டி கேக்க வந்த எடத்துல நோட்டீஸ் குடுக்கிறாய்ங்களே!”

அப்பாகூடச் சிரித்துவிட்டார். ஆனாலும் நான் அங்கே கிளம்பும்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

ஒரு நாள் அண்ணனின் பெயர் இருந்தது. ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். ‘பக்கம் நன்றாக வந்திருக்கிறது. படம் பெரிது, திறக்க நேரமாகிறது. அளவைக் குறைக்கவும்.’ அவ்வளவுதான். கீழே இன்னும் இருக்குமோ என்று அப்பா மவுஸைக் காட்டினார். உருட்டினேன். இல்லை.

அந்த இணைப்பில் எழுத்துகள் முதலில் வந்துவிடும். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மேலே போனபோது அம்மாவின் வகிடும் நெற்றியும் வந்திருந்தன. கண்கள் இன்னும் வரவில்லை.

“சின்னதாக்கிரட்டுமாப்பா?”

“வேணாம். எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும். உக்காந்து பாக்கட்டும்.”

படம் முழுவதும் வந்து சேரும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். அதன்பின் சென்டருக்கு வரவில்லை. நான் அளவைக் குறைக்கவில்லை. அண்ணனும் அந்தப் படத்துக்குக் கீழே வேறெதுவும் எழுதவில்லை.