குதிரை தின்னாத பூ

எட்டாம் வகுப்புக்குக் கத்தரிக்காய் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காம்புக்கு நிழல் போடும்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். பேகம்பூர்த் தோல் கிடங்கில் வேலை பார்க்கும், கனி சாரின் உறவுக்காரர் ஒருவர் நின்றார். "மாஸ்டர், கனி சாரு மவுத்தாயிட்டாரு. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாரு, அம்புட்டுத்தான்" என்றார். நான் திரும்பி நின்று அந்த நிழலை முழுதாகப் போட்டு முடித்தேன். ஏன் முடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

அப்துல் கனி அவர்கள் எங்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய அதட்டல் மறந்திருக்காது. சூரியகாந்தியை ஒரு பூ என்று எழுதினால் மதிப்பெண் தரமாட்டார். "ஏலே, அது பூவா? நூறு பூ சேந்து குடியிருக்கிற ஊருலே அது" என்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது அப்படியே நின்றுபோயிற்று.

அந்தத் தம்பியைப் பற்றி நான் அறிந்த விதம் விசித்திரமானது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்த வாரமே, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என் முன் வைத்தார். கறுத்து மெலிந்த விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை முடி. "இந்த விதைக்குண்டான பூவை வரைஞ்சு தர முடியுமா மாஸ்டர்?" என்றார். புதிதாக வந்தவனைக் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் படம் போடுறவன் சார், ஜோசியம் பாக்குறவன் இல்லை" என்றேன். அவர் கோபிக்கவில்லை. பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

தம்பி சிக்கந்தர், தோல் பதனிடக் கடுக்காய் வாங்கச் சிறுமலைக்குப் போனவர். அடைமழையில் திரும்பவில்லை. வாழைத்தார் சுமக்கும் குதிரைகளை ஓட்டி வரும் மூக்கன், பாதை வளைவில் கிடந்ததென்று தம்பியின் துண்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். துண்டு முழுக்க இந்த விதைகள் ஒட்டியிருந்தன. பாதையோரத்தில் இந்தச் செடி கிடையாது. ஆகவே இது எங்கே முளைத்திருக்கிறதோ அங்கேதான் தம்பி கடைசியாக விழுந்தோ படுத்தோ இருக்க வேண்டும். கனி சாரின் கணக்கு அதுதான். கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

விதைகளை வீட்டு முற்றத்தில் தொட்டியில் போட்டார். முளைத்தது, சொரசொரப்பாக நாலு இலை விட்டது, சித்திரை வெயிலில் கருகியது. மறுபடி போட்டார். அந்த இலையைத்தான் நான் வரைந்துகொடுத்தேன். அவருடைய தாயார் தொட்டியருகே உட்கார்ந்து அதனோடு பேசிக்கொண்டிருப்பார். அடக்கத்துக்குமுன் தொழும் ஜனாஸா தொழுகைக்கு மையத்து, அதாவது உடல், வேண்டும் என்றது ஜமாஅத். தாயாரோ, "கண்ணால பாக்காம எம்மவனை மவுத்துன்னு சொல்லாதீங்க" என்றுவிட்டார். மகன் வந்தால் தட்ட வேண்டியிருக்குமே என்று வாசல் கதவுக்கு அவர் தாழ்ப்பாள் போடுவதே இல்லை. பேகம்பூரில் அந்த ஒரு வீடுதான் அப்படி.

விடுமுறைதோறும் கனி சார் மலை ஏறினார். எனக்கு மலையே ஆகாது, மூச்சு வாங்கும், அட்டை கடிக்கும். இருந்தும் சில தடவை போனேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று, கையை வாயில் குவித்து, "சிக்கந்தரூ" என்று கூப்பிடுவார். பிறகு பதிலுக்காக நிற்பார். சில வளைவுகளில் எதிரொலி வரும். வராத வளைவுகளில் நான் அவருக்கு நெருங்கி நின்றுகொள்வேன். யாரோ கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பதாகத் தோன்றும்.

பல வருடம் கழித்து ஒரு தை மாதம் அந்தச் செடியைக் கண்டோம். பாதையை விட்டு வெகுதூரம் விலகிய ஒரு சரிவு. இடுப்பளவு உயரம், நான் வரைந்த அதே இலை, உச்சியில் கத்தரித்த நூல்குஞ்சம் போல ஊதாப் பூக்கள். "சூரியகாந்திக்குச் சொந்தந்தான் மாஸ்டர்" என்றார். தேடிப் பார்த்தோம். எலும்போ எதுவுமோ கிடைக்கவில்லை. இத்தனை மழையில் எது மிஞ்சும் என்றார். பூக்களின் நடுவே நின்று கையேந்தி வெகுநேரம் துஆ கேட்டார். இறங்கும்போது எந்த வளைவிலும் கூப்பிடவில்லை.

வீட்டில், "எடம் கெடச்சிருச்சும்மா. நல்ல எடம். பூவா இருக்கு" என்றார். அன்று மாலை எழுந்துபோய்த் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தாயாரே தள்ளிப் போட்டார். அதைப் பார்த்து அழுதவன் நான்.

மறு வருடம் மூக்கனும் எங்களோடு வந்தார். சரிவைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "இந்தப் பூவை வச்சா சாமி எடத்தைக் கண்டுபிடிச்சீக?" என்றார். பிறகு மெல்லச் சொன்னார். வளைவில் எடுத்த துண்டை அப்படியே கொண்டுவரவில்லை. குதிரை முதுகு புண்ணாயிருந்ததால் சாக்குக்கு அடியில் போட்டிருக்கிறார். "இந்தச் செடியைக் குதிரை திங்காது. ஆனா சுமை எறக்கி மேய விட்டா இந்தச் சரிவுலதான் வந்து பொரளும். அன்னிக்கும் துண்டோட பொரண்டுச்சு, வெதை அப்பத்தான் ஒட்டுச்சு. நல்ல துண்டைக் குதிரைக்குப் போட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கனி சார் அவரைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. தோளில் கை வைத்தார். என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு இது தெரிய வேணாம் மாஸ்டர்" என்றார். இறங்கும்போது முதல் வளைவிலேயே நின்று, மறுபடியும் தம்பியைக் கூப்பிட்டார். அந்தக் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

அதன்பின் ஒருநாள் பள்ளியில் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "அம்மா தாப்பாப் போட்டுட்டுத் தூங்குறாங்க. தூங்கினதும் நான் எந்திரிச்சு அதை எடுத்துவிட்டுர்றேன். விடியறதுக்குள்ள திரும்பப் போட்டுருவேன்." சாகும்வரை அதைச் செய்தார். பெற்றவளுக்கு நிம்மதியைக் கொடுத்துவிட்டு, காத்திருப்பதைத் தான் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தாய்க்கு எழுத்து தெரியாது. யாரும் அவருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து உறவினர்கள் கலைந்தபின் நானும் எழுந்தேன். "போறப்பக் கதவைச் சாத்திட்டுப் போங்க அப்பு. தாப்பா நான் போட்டுக்கிறேன்" என்றார் தாயார். சாத்தினேன். அவர் கதவருகே வந்து நிற்பது தெரிந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகத் தெருவில் நின்றேன். அந்தி மஃரிப் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. சத்தம் வரவில்லை. அவருடைய காலடி மட்டும் மெல்ல உள்ளே போயிற்று.

கனி சார், மலையில் இப்போது அந்தச் செடி பூத்திருக்கும். இனிக் கதவை நினைத்து நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. போய் வாருங்கள்.