எனக்கென்று வாங்கிய தூண்டில் சக்கரம்

மீன் பிடிக்கும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மீனை ஆய்வதற்கும் அலசுவதற்கும் குழம்பு வைப்பதற்குமே பொழுது சரியாக இருந்தது. அப்படிப்பட்டவள் போன வருடம் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு தூண்டில் சக்கரம் வேண்டுமென்று எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருந்தேன். "மச்சிக்கு என்னமோ ஆயிடுச்சி" என்று என் நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் என்னமோ ஆகியிருந்தது எனக்கு இல்லை, அவளுடைய அண்ணனுக்கு.

என் வீட்டுக்காரர் சபுராளி. பாதி வாழ்க்கையை வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகக் கழித்தவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே ஒரு மாடியில் ஏணி சரிந்து விழுந்து வலது முழங்கைக்குக் கீழே உடைந்துவிட்டது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. ஊர் திரும்பியபோது அந்தக் கையில் நான்கு விரலும் மடங்காது, கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். தஞ்சாவூர் டாக்டர் அந்தக் கையைச் சும்மா வைக்காதீர்கள் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ஸ்பாஞ்சு பந்தைக் கொடுத்தார். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அவரும் எடுக்கவில்லை, நானும் சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

கையைவிட என்னைப் பயமுறுத்தியது ஒரு சொல். "டீ போடவாங்க?" என்றால் "வேணாம்." "சட்டை எடுக்கப் போவோமா?" "வேணாம்." மகள் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்து, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாலும் அதே பதில்தான். முன்பெல்லாம் குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டை நகர்த்தி வைக்கிற மனிதர். நான் வேண்டுமென்றே ஒரு நாள் உப்பே போடாமல் ஆக்கிப் போட்டேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். கோபித்துக்கொள்கிற புருஷனைச் சமாளிக்க எனக்குத் தெரியும், ஒன்றுமே வேண்டாத புருஷனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

லீவில் வரும்போதெல்லாம் அவர் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் தூண்டிலோடு குடமுருட்டிக் கரைக்குத்தான் போவார். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததை வந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார், ஆற்றில் தக்கையைப் போட்ட பிறகுதான் முகம் தெளியும். கை போய் வந்த பிறகு ஒரே ஒரு தடவை அந்தத் தூண்டில் ராடை எடுத்தார். அதில் நூல் சுற்றியிருந்த ரீலில் ஒரு கம்பியைத் தூக்க வேண்டும், ஒரு விரலில் நூலைப் பிடிக்க வேண்டும், பிறகு சின்னக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. ராடைப் பரணில் போட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

புர்கா கழுத்துக்கு மணி வைத்துத் தைப்பது எப்படி என்று ஒரு நாள் வீடியோ தேடிக்கொண்டிருந்தேன். இந்த ஃபோன் நாம் ஒன்று கேட்டால் ஒன்பது காட்டும். நடுவில் ஒரு கிழ வெள்ளைக்காரர் ஆற்றோரம் நின்று தூண்டில் போட்டார். அவர் ராடில் ஒரு வட்டமான சக்கரம் மட்டும்தான், பல்லும் இல்லை, கம்பியும் இல்லை. தண்ணீர் தக்கையை இழுத்துக்கொண்டு போக, சக்கரம் தானாகச் சுழன்று நூலைக் கொடுத்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டைவிரலை விளிம்பில் வைத்தார், நின்றது. நூலைத் திருப்பி எடுக்கும்போது உள்ளங்கையால் சக்கரத்தைத் தட்டினார், தட்டத் தட்டச் சுற்றியது. நான் ஆற்றையும் பார்க்கவில்லை, மீனையும் பார்க்கவில்லை. ஒரு விரலைக்கூட மடக்காமல் வேலை செய்த அந்தக் கையையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அதற்கு சென்டர்பின் ரீல் என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. உங்களுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் என்ன பதில் வருமென்று எனக்குத் தெரியாதா? அதனால் சோறு போட்டுக்கொண்டே, "எனக்கு மீன் பிடிக்கக் கத்துக்கணும் போல இருக்குங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கா?"

"ஏன், நான் புடிச்சா மீன் வராதா?"

மறுபடி தட்டில் குனிந்துகொண்டார். ஆனால் நிமிர்ந்தார் அல்லவா, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பெருநாளைக்குத் தைத்துச் சேர்ந்த கூலிதான் கையிருப்பு. பெயர் பெற்ற சீமை ரீல்களின் விலையைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தரங்கம்பாடிப் பக்கம் ஒரு நிக்காஹ் வந்தது. அதை முடித்துக்கொண்டு பட்டுப்புடவையோடு அங்கே வலையும் தூண்டிலும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது கடலுக்கு ஆவாதும்மா. இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். "யாருக்கும்மா இது?" என்றும் கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன். மனுஷர் சிரிக்கவில்லை. ஆற்று மீனுக்கு இந்தத் தக்கை போதும், இந்த முள் போதும் என்று எடுத்து வைத்து, நூலும் தந்து அனுப்பினார்.

கடைசியில் ஃபோனில் தேடித் தேடி என் காசுக்கு இரண்டு தேறியது. ஒன்று புத்தம் புதியது, நீல நிறத்தில் பளபளவென்றிருந்தது. உள்ளே பால்ரஸ் வைத்தது. ஒரு தடவை தட்டிவிட்டால் நிற்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கருத்து எழுதியவர்களெல்லாம் அந்தச் சுற்றலைத்தான் புகழ்ந்திருந்தார்கள். மற்றது யாரோ உபயோகித்தது. குன்னூரிலிருந்து ஒருவர் விற்றார். கறுப்பு நிறம், அங்கங்கே சாயம் போய்க் கீறல் விழுந்திருந்தது. நடுவில் ஒரு ஊசி, அதன்மேல் சக்கரம், அவ்வளவுதான்.

எல்லாரையும் போல நானும் நீலத்தில்தான் மயங்கினேன். வாங்குகிற பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் என் தையல் மெஷின் ஞாபகம் வந்தது. காலை எடுத்த பிறகும் சுற்றுகிற மெஷினை எந்தத் தையல்காரியும் கொண்டாட மாட்டாள். ஊசி உடையும், துணி போகும். ஒற்றைக் கட்டைவிரலால் நிறுத்த வேண்டியவருக்கு நிற்காத சக்கரம் எதற்கு? குன்னூர்க்காரருக்கு வீடியோ கால் போட்டு, சுற்றவிட்டுக் கட்டைவிரலால் நிறுத்திக் காட்டச் சொன்னேன். லேசாகத்தான் அழுத்துங்கள் என்றேன். பக்கவாட்டிலிருந்து எடுங்கள், தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். அடிக்கட்டையின் நீளத்தைக் கேட்டேன். பரணில் ஏறி, என் வீட்டுக்காரர் ராடில் ரீல் உட்கார்கிற இடத்தை இஞ்சு டேப் வைத்து ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். பாவம், அந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். "மேடம் ரொம்ப நாளா ஃபிஷிங் பண்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குன்னூர் ரீல் வந்து சேர்ந்தபோது குடமுருட்டி வெறும் மணல். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே, ஓடுகிற தண்ணீரில்லாமல் அந்தச் சக்கரத்துக்கு வேலை இல்லை என்பதை யோசிக்கவில்லை. மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி, எங்கள் கொல்லைப்புற வாய்க்காலுக்கு வர வேண்டும். அதுவரை அதைக் கூடத்து ஆணியில் மாட்டி வைத்தேன். போகும்போதும் வரும்போதும் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் வீம்பாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் வந்தது. குப்பையும் நுரையும் போய்த் தெளிந்த பிறகு ஒரு சாயங்காலம், பரணிலிருந்த ராடை இறக்கி அதில் ரீலை மாட்டிக்கொண்டு வாய்க்கால் படியில் போய் நின்றேன். முந்தின நாள் நூலை நான்தான் சுற்றியிருந்தேன். தையல்காரிக்கு நூல் சுற்றச் சொல்லித் தர வேண்டுமா? பாபினில் சுற்றுகிற மாதிரியே விளிம்புவரை வழிய வழிய நிறைத்து வைத்தேன். பிஸ்மி சொல்லி வீசினேன். அவ்வளவுதான். விளிம்பிலிருந்து நூல் கொத்துக் கொத்தாகச் சரிந்து, ராடு, ரீல், என் முந்தானை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது. அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அப்படியே உள்ளே கொண்டுவந்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கத்திரியால வெட்டிப் போடு" என்றார்.

"வெட்ட மாட்டேன். காசு போட்டு வாங்குன நூலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மாவு பிசைந்துவிட்டு எட்டிப் பார்த்தபோது ரீலை மடியில் வைத்திருந்தார். இடது கை விரலால் ஒரு கண்ணியை இழுப்பார், அது ஓடிவிடாமல் வலது கட்டைவிரலால் அமுக்கிக்கொள்வார், மறுபடி இழுப்பார். ஸ்பாஞ்சு பந்துக்கு வராத விரல் இதற்கு வந்தது. நான் சத்தம் காட்டாமல் நின்று பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன், சப்பாத்தி தீய்ந்துகூடப் போனது. சிக்கெல்லாம் எடுத்துப் பாதி நூலைக் கழற்றிவிட்டு, விளிம்பில் இடம் விட்டு, இழுத்துப் பிடித்துச் சுற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு நான் படிக்குப் போனபோது, பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இப்போது தக்கை ஒழுங்காக இறங்கியது. தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போக, சக்கரம் என் கட்டைவிரலுக்கு அடியில் நழுவி நழுவிச் சுற்றியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தக்கை அக்கரைப் பூவரசு நிழலைத் தாண்டியதும் சட்டென்று காணாமல் போனது.

"வெரலை வை! வெரலை வை!" என்று நாற்காலியிலிருந்து சத்தம். எழுந்து நின்றுவிட்டார். இடது கை ராடை நோக்கி நீண்டது.

இந்த இடத்துக்குத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகமே இல்லை. "இருங்க!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். விரலை வைத்தேன், ராடைத் தூக்கினேன், அந்த வெள்ளைக்காரர் போலவே உள்ளங்கையால் சக்கரத்தைத் தட்டித் தட்டி இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டை, வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு படியில் விழுந்தது. வாளியில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது, யாருக்காக வாங்கினோம், என்ன காரியம் செய்தோம் என்று. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்திருந்தார். அவசரமாக ராடை அவரிடம் நீட்டி, "இந்தாங்க, நீங்க போடுங்க" என்றேன்.

"வேணாம்" என்றார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ராடை நீட்டியபடியே நின்றேன்.

அவர் ரீலைப் பார்த்தார். வலது கையைக் கொண்டுவந்து உள்ளங்கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார், சுற்றுவதைப் பார்த்தார், கட்டைவிரலை விளிம்பில் வைத்து நிறுத்தினார்.

"இது ஒன்னோடது, நீ வச்சிக்க" என்றார். "எனக்கு ஒண்ணு வேணும்."