இட்டேரியில் கேட்ட என் குரல்

பேய், ஆவி, காற்றுக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்காமல் தீயணைப்பு வேலைக்கு வந்தவன். கருகிப்போன உடல்களை இந்தக் கைகளால் தூக்கியிருக்கிறேன், அவற்றில் ஒன்றுகூட என் பின்னால் வந்ததில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு, பாவம் வயதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நடந்ததை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு முறை மாற்றிச் சொன்னதுதான் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழிந்த ஒரு பங்குனி. வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு ஒன்று பற்றிக்கொண்டது என்று அழைப்பு வந்தது. கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த புல் நிலம், சுற்றிலும் கிளுவை முள்வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரங்கள். பனியன் கம்பெனிகளில் மிஞ்சிய துணித் துண்டுகளை யாரோ ரோட்டோரம் கொட்டிக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்று அந்தத் துண்டுகளை எரிய எரியத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லுக்குள் போட்டுவிட்டது. நாங்கள் போய் இறங்கியபோதுகூடச் சிவப்பும் நீலமுமாகத் துணிகள் நெருப்போடு தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. முள்வேலிக்குள் வண்டி போகாது. பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்று, தரையோடு தரையாகத் தீயை அடித்துத்தான் அணைக்க வேண்டும். ஐந்து பேர், அவர்களுக்கு நான் தலைவன்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் நாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் அவிநாசிப் பக்கத்துக்காரன். வீட்டில் என் மகளை 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் யூனிபார்மைப் போட்டுவிட்டால் என் வாயில் 'டேய்' தவிர வேறு வராது. "நீ 'ங்க' போட்டு முடிக்கிற வரைக்கும் தீ நின்னுக்கிட்டு இருக்காதுடா" என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

குழுவில் புதியவன் அருள்ராஜ். முப்பது வயதிருக்கும், தூத்துக்குடிக்காரன். மனைவி இங்கே பனியன் கம்பெனியில் இருந்ததால் மாற்றல் வாங்கி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. எங்கள் டிரைவர் பழனிச்சாமிக்கு அவனைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"ஏனுங்க அருளு, உங்கூர்ல பூராக் கடல்தானுங்களே, அங்க எதுக்குங்க தீயணைப்பு?"

"கடல்லயும் தீப்பிடிக்கும்லா அண்ணாச்சி. நாங்க ஊதியே அணைச்சிருவோம்."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் கத்தினேன். "காத்து திரும்புச்சுன்னா கிளையப் போட்டுட்டு எல்லாரும் இட்டேரிக்கு ஓடிரணும். புரிஞ்சுதாடா?"

"அது எங்க சார் இருக்கு?" என்றான் அருள்.

"கேள்வி கேக்கற நேரமாடா இது? எல்லாரும் ஓடற பக்கம் ஓடு."

இட்டேரி என்பது இரண்டு வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போகிற மண் தடம். வெறும் மண், அதைத் தாண்டித் தீ வராது. எங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரிந்த சொல். தூத்துக்குடிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று, தமிழில் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவே இல்லை.

காற்று திரும்பியது. ஒரே மூச்சில் திரும்பியது. எங்களுக்கு முன்னால் இருந்த புகை எங்கள் மேலேயே கவிழ்ந்தது, பக்கத்தில் நிற்பவன் கை தெரியவில்லை. "இட்டேரி, இட்டேரி" என்று கத்தியபடி ஓடினேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது சூடான புகை அப்படியே தொண்டைக்குள் இறங்கியது. வேலியின் திறப்பைத் தாண்டித் தடத்தில் விழுந்து எழுந்தபோது நால்வர் இருந்தார்கள். அருள் இல்லை.

பழனிச்சாமி வண்டியிலிருந்து தண்ணீரோடு ஓடிவந்தான். "அருளைக் காணமுங்களே சார்! கூப்புடுங்க சார்!"

கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. மற்றவர்கள் அவன் பெயர் சொல்லிக் கத்தினார்கள். எரிகிற புல்லின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. திறப்பு வழியாக உள்ளே நாலு எட்டு வைத்தேன். முகத்தில் அடித்த வெக்கையில் திரும்பிவிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பயந்துதான் திரும்பினேன். பழனிச்சாமி என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தொண்டையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் பேசவில்லை. பேச முடியவில்லை. மற்றவர்கள் கவனமெல்லாம் புகை மேலேயே இருந்தது, அதற்கு அவன் ஒருவனே சாட்சி.

அப்போதுதான் புகைக்குள்ளிருந்து அருள் வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவருவதைப் போல. புருவம் பொசுங்கியிருந்தது. வேறு காயம் இல்லை. நேராக என்னிடம் வந்து குழந்தை மாதிரி அழுதான்.

"நல்லவேளை கூப்பிட்டிய சார். இட்டேரின்னதும் நான் ஏதோ ஏரின்னுலா நெனச்சேன். தண்ணி கெடக்கும்னு அந்தப் பள்ளத்தப் பாத்து ஓடுதேன், பின்னால ஒங்க சத்தம். 'ஏரி இல்லீங்க கண்ணு, ரெண்டு வேலிக்கு நடுவுல இருக்கற தடமுங்க, திரும்பி இப்படி வாங்க'ன்னு. கூடவே வந்திய, விடவே இல்ல."

பள்ளத்தில் அப்போது ஆளுயரத்துக்குத் தீ நின்றுகொண்டிருந்தது.

"சாராவது, கண்ணுன்னு கூப்புடறதாவது! பொகை மண்டைக்கு ஏறிருச்சுங்க இவனுக்கு" என்று ஒருவன் சொல்ல, உயிர் தப்பிய மகிழ்ச்சியில் எல்லோரும் சிரித்தார்கள். அருள் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன் என்று.

அந்தத் தலையாட்டலைத்தான் சொல்ல வந்தேன். அவன் கேட்டபோது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பள்ளத்தைப் பார்த்து ஓடியிருக்கவே மாட்டான். அவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன், காப்பாற்றியவனாக வண்டியில் ஏறினேன். பழனிச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "சார், நீங்க பேசவே இல்லீங்களே..." என்று ஆரம்பித்தான். வண்டியை எடு என்று கையைக் காட்டினேன்.

பிற்பாடு இதைக் கேள்விப்பட்டவர்களில் சாமி கும்பிடுகிறவர்கள், அது காவல் தெய்வம் கருப்பராயன் என்றார்கள். கருப்பராயனுக்கு என் குரல் எதற்கு? என் மருமகன் விஞ்ஞானம் படித்தவர், புகையில் மூளைக்குக் காற்றுப் போகாவிட்டால் இல்லாத சத்தம் கேட்கும் என்கிறார். கேட்கட்டும். தனக்கே தெரியாத ஒரு சொல்லுக்குச் சரியான அர்த்தத்தை அந்த மூளை எங்கிருந்து எடுத்தது? ஏரி என்று அவன் நினைத்தது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஓய்வு பெற்ற அன்று அருளைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கூப்பிடவில்லை அருள், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"சும்மா இருங்க சார். ஒங்க கொரலு எனக்குத் தெரியாதாக்கும்?"

அன்று போன குரல் எனக்குத் திரும்பவில்லை. தொண்டை உள்ளே வெந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர். காய்ந்த பனையோலையைத் தேய்ப்பது போலத்தான் இன்றுவரை பேசுகிறேன். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது சில நாள் நான் பேசுகிறேனாம், அதுவும் பழைய குரலில், கணீரென்று. ஏதோ ஒரு குரல் கேட்டது என்பதற்கு மேல், அருள் சொன்ன அந்த வார்த்தைகளை நான் வீட்டில் சொன்னதே இல்லை. போன மாதம் என் மனைவிதான் கேட்டாள்.

"யாரைங்க கூப்புடறீங்க? 'திரும்பி இப்படி வாங்க கண்ணு'ங்கறீங்க. அப்புறம் பேசாம இருக்கறீங்க, அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்றாப்பல. அதுக்கப்புறம் 'ஆமாங்க, அப்படியே வாங்க'ங்கறீங்க. எழுப்பி உட்டுறட்டுங்களா?"

எழுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் எந்தப் புகைக்குள் நிற்கிறார்களோ.