சாரத்திலிருந்து விழுந்த கருப்பணனும் நான் எடுக்காத இன்சூரன்சும்

சகோதர சகோதரிகளே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். கேட்கவே இல்லை என்று சில மாதங்கள் அவரோடு வழக்காடியவன் நான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், லெந்து என்கிற தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி. மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு வெற்றிலை வியாபாரியின் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி எடுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். சாரத்தின் கயிறு அறுந்தது. கொத்தனார் கருப்பணன் செங்கல் குவியலில் விழுந்தான். சவுக்குக் கம்புகள் அவன் வலது காலின்மேல் சரிந்தன. கீழே கலவைச் சட்டியோடு நின்ற அவன் மனைவி வீராயி, என் சித்தாள், போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கயிறு அதற்கு முன் மூன்று வீடு பார்த்த கயிறு. "இன்னும் ஒரு வீடு தாங்கும்" என்று சொன்ன மேதை நான்தான்.

பழைய வீட்டுக்குப் புது முகம் வைக்கிற காண்ட்ராக்டர் நான். என் முகத்துக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று என் மனைவி சொல்வாள். முகம் போகட்டும், வாயையாவது பூசி அடைத்திருக்கலாம். முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, எங்கள் சபை ஞானமுத்து, இன்சூரன்ஸ் ஏஜெண்டு, என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சாரத்துல ஆள ஏத்துறீக. கை கால் போனா நஷ்டஈடு நீங்கதான் குடுக்கணும்னு சர்க்கார் சட்டம் போட்டு எம்புட்டு வருஷமாச்சு! ஒரு பாலிசி எழுதிருங்க. அப்படி ஒண்ணு ஆனா கம்பெனி குடுத்துரும்."

"மாப்ள, எனக்கு இன்சூரன்ஸ் கர்த்தர்தான்!" என்றேன், வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி.

"சரி, உங்களுக்கு அவரு. உங்க ஆளுகளுக்கு யாருண்ணே?"

"அவுகளுக்கு நான் இருக்கேன்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். விசுவாச வீரன் என்று முதுகில் தட்டினார்கள். நானும் தொந்தி குலுங்க நின்றேன்.

கால் போன மாதமே வீராயி நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். மனுவை எழுதிக் கொடுத்தவன் ஞானமுத்து. கேட்டதற்கு, "நான்தாண்ணே எழுதினேன். பாலிசிதான் எழுத விடல, இதையாச்சும் எழுதுறேன்" என்றான்.

வக்கீலிடம் ஓடினேன்.

"அவன் உம்ம ஆளுன்னு எழுத்துல எங்கயாவது இருக்கா?"

இல்லை. காலையில் தெரு முக்கில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்கி, சாயங்காலம் கூலி கொடுத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு வருஷமாகத் தினமும் வந்தவன் பெயரைக்கூட நான் எழுதியதில்லை.

"அப்ப அவன் உம்ம ஆளில்ல. வீட்டுக்காரர் கூப்பிட்ட ஆளு. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீரும்."

போகவில்லை. அதுவரை இரண்டு தரம் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனேன். பிறகு அந்தத் தெருவையே சுற்றிப் போனேன். நஷ்டஈடு கட்ட என் வீட்டையே விற்கவேண்டி வரும் என்கிற பயம். இரவும் பகலும் அதே பயம். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மோர் உபவாசத்தில் சேராது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு குடித்தேன். "ஆண்டவரே, என் சத்துருவின் கைக்கு என்னைத் தப்புவியும்" என்று அழுதேன். சத்துரு யார்? ஒற்றைக் காலோடு பாயில் கிடந்தவன்.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி கேட்டார்: "இந்தக் கருப்பணன் உம்முடைய ஆளா?"

பொய்யை நாக்கு நுனிவரை கொண்டுவந்துவிட்டேன். பின்னாலிருந்து வீராயி எழுந்தாள்.

"எசமான், ஒரு வார்த்தை. அவுக தெனமும் காலையில எங்களையெல்லாம் நிக்க வச்சு ஒரு ஜெபம் சொல்லுவாக. அதை இப்ப சொல்லச் சொல்லுங்க."

"என்ன ஜெபம்?"

சொன்னாள். என் குரலிலேயே, என் இழுப்போடு சொன்னாள். "'ஆண்டவரே, என் ஆளுகளாகிய கருப்பணனை, வீராயியை, இவுங்க கை காலை, நீரே காத்தருளும்.' இப்படிப் பேரு பேராச் சொல்லுவாக. அவுக முடிக்குறதுக்குள்ள கலவை இறுகிப்போகும் எசமான். சாமிகிட்ட என் ஆளுன்னு சொன்னவுக, உங்ககிட்ட இல்லைன்னு சொல்லட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். வக்கீல் என் காலை மிதித்தார்.

"என் ஆள்தான் ஐயா" என்றேன்.

வீடு போயிற்று. ஒத்தக்கடையில் வாடகைக்குக் குடிவந்தோம். அப்போதுதான் கர்த்தரோடு அந்த வழக்கு. மூன்று நாள் பட்டினி கிடந்தேனே, பதில் எங்கே என்று கேட்டேன். புரிய வெகுநாளாயிற்று. உபவாச ஜெபத்தை அவர் தள்ளிவிட்டார். காலையில் சடங்குபோல நான் ஒப்பித்த ஜெபத்தை எடுத்துக்கொண்டார். என் ஆட்களைக் காத்தருளும் என்றேன். என்னிடமிருந்தே காத்தார்.

பேரையூரில் நஷ்டஈட்டுப் பணத்தில் கருப்பணன் பெட்டிக்கடை வைத்தான். மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏற இறங்கப் பார்த்தான்.

"ஜெபம் பண்ண வந்தீகளா? சுருக்கமாப் பண்ணுங்க. வெயில் ஏறுது."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவனைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

இப்போது சாரத்துக்குப் புதுக் கயிறு. ஒவ்வொரு ஆளின் பெயரும் ஞானமுத்துவின் பாலிசித் தாளில் ஏறிய பிறகே சாரத்தில் கால் ஏறும். விசுவாசம் குறைந்துபோயிற்று என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும்.

என்னை வீடில்லாதவனாக்கி, பொய்யனாக்காமல் விட்ட தேவனுக்கு ஸ்தோத்திரம். கசப்பான ஸ்தோத்திரந்தான், ஆனால் முழு மனதோடு சொல்கிறேன். ஆள் வைத்து வேலை வாங்குகிற சகோதரரே, நீங்களும் அவரை நம்புங்கள். அவர் பதில் தருகிறவர். ஆட்களுக்குச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, பிறகு வாருங்கள், சேர்ந்து மண்டியிடுவோம். மண்டியிட நமக்கு இரண்டு முழங்கால் இருக்கிறது.