வாசலுக்கு வந்த கட்டில்

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் நர்ஸாக இருந்தேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். வேலையை விட்டுவிட்டு விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பியபோது எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஏன் விட்டேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். வெளியே செத்தால் உடலை வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். அதனால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னதுமே வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். நாங்கள் குழாய்களைக் கழற்றி, போர்வை போர்த்தி ஏற்றிவிடுவோம். அதன் பிறகு அந்த மனிதர் எத்தனை நாள் கத்தினார், யார் அவர் புண்ணைக் கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி வண்டியில் ஏற்றும்போது என் கையை விடவில்லை. "நீயும் கூட வாயேன்டி" என்றாள். டூட்டி இருந்தது. கையை உருவிக்கொண்டேன்.

புத்தூரில் ஒரு டாக்டர், புற்றுநோய் முற்றியவர்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பி வலி மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடும் ஏற்பாடு வைத்திருந்தார். அதில் சேர்ந்தேன்.

அம்மாதான் முதலில் கத்தினாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவள். எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. அவள் வேலை செய்த நிலமெல்லாம் ஊர்க்காரர்களுடையது.

"ஏசியில நின்னுகினு இருந்தவ, இப்ப ஊடு ஊடா போயி பீ மூத்திரம் அள்ளப் போறியா?"

"அங்கயும் அதத்தாம்மா செஞ்சேன்."

"அங்க நீ யாருன்னு எவனுக்குடி தெரியும்? இங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்தேன். ஐ.சி.யு.வில் எந்த ஜாதிக்காரனும் என் கையைத் தட்டிவிட்டதில்லை. மூச்சு முட்டும்போது என் கையைத்தான் பிடித்தார்கள். வலி வந்தால் மனிதன் மனிதனாகிவிடுவான் என்று நம்பினேன்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அம்மா பல வருஷம் அவர் நிலத்தில் குனிந்திருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடந்து இடுப்புக்குக் கீழே பெரிய புண். அவர் மகன்தான் புத்தூருக்குப் போன் செய்து ஆள் கேட்டான். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பையோடு வாசலுக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு நன்றாகப் பார்த்தான்.

"நீ காலனிப் பொண்ணு இல்ல?"

"ஆமா."

"இரும்மா. இங்கயே இரு."

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. கொஞ்ச நேரத்தில் அவனும் இன்னும் இரண்டு ஆட்களும் பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகெலும்பு அரித்துப்போனவரைக் கட்டிலில் அசைத்தால் எப்படிக் கத்துவார் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் கத்தினார். நிலைப்படியில் கட்டில் கால் இடித்தபோது குரலே நின்றுபோனது.

கோழிகள் மேய்கிற வாசலில் வைத்து நான் கட்டு மாற்றினேன். மருமகள் சொம்பை உயர்த்திப் பிடித்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள். சொம்பு என் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் உள்ளே வரக் கூடாது என்பதற்காக அந்தக் குடும்பத்துக்கே பெரியவர் தெருப் பார்க்க அம்மணமாகக் கிடந்தார். அதில் அவர்களுக்கு அவமானமில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "வேற ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டார். இருந்தது நாங்கள் இரண்டே பேர். இன்னொருத்தி சத்தியவேடு பக்கம் அலைகிறாள். அதுவும் தவிர, நான் ஏன் விலக வேண்டும்? வேண்டாம், நானே போகிறேன் என்றேன். மருமகளுக்குக் கட்டு மாற்றச் சொல்லிக்கொடுத்தும் பார்த்தேன். புண்ணைப் பார்த்ததும், "எனக்கு மயக்கம் வருது நர்சம்மா" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அடுத்த முறை போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"கட்டிலத் தூக்காதீங்க. நான் உள்ள வந்து செய்றேன்."

மகன் பிடரியைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. பெரியவரு இருக்கிற வரிக்கும்..."

"வலி அவருக்குத்தான? அவரையே கேளுங்க."

அவன் ஜன்னலருகே போனான். "நைனா, நர்சு உள்ள வரேன்னுது. இன்னா சொல்ற?"

பெரியவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். இன்றைக்கு நடந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் கூட இருந்தது.

"தூக்குடா."

"வலிக்கும் நைனா."

"வலிச்சா இன்னாடா? தூக்குன்றேன்ல!"

பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டிக்குப் போய்விட்டேன். சாவியையும் போட்டேன். அதற்குள் கட்டிலை அசைத்துவிட்டார்கள். அந்தக் கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்தக் கத்தலுக்காகத்தான் திருப்பதி வேலையை விட்டேன் என்பது ஞாபகம் வந்து தொலைத்தது. திரும்பிப் போய்க் கட்டு மாற்றினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். வழக்கமான வேளைகளுக்கு மேல் இன்னொரு மார்ஃபின் மாத்திரை தரலாமா என்று கேட்டேன். தரலாம் என்றார். மகனிடம் சொன்னேன், நான் கிளம்பும்போது போன் பண்ணுவேன், உடனே அந்த மாத்திரையைக் கொடுங்கள், நான் வந்து சேர்வதற்குள் மருந்து பிடித்துவிடும், அதன் பிறகு தூக்குங்கள் என்று. அதற்குப் பிறகு அவர் முனகினாரே தவிரக் கத்தவில்லை.

அம்மா கேட்டாள். "இன்னா, உள்ள உட்டாங்களா?"

"இல்ல. மாத்திரை குடுத்துட்டு தூக்கச் சொல்லிட்டேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அந்த ஆளு என்னைக் கிட்ட சேக்காததுக்கு எந்த டாக்டரும் மருந்து குடுக்கலடி. நீ படிச்சவ. மருந்தோட போற."

எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கடலை பிடுங்குவதற்கு முன்னால் பெரியவர் போய்விட்டார். வலியில்லாமல் போனார் என்று மகன் போனில் சொன்னான். "நீ நல்லா பாத்துக்கினம்மா" என்றான். சாவுக்குப் போகவில்லை. போயிருந்தால் எங்கே நிற்க வைத்திருப்பார்கள் என்று தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான். அவன் சித்தப்பாவுக்கும் அதே நோயாம். அடுத்த தெருதான்.

"வரியாம்மா?"

"எந்த ரூம்ல படுத்துக்கினு இருக்காரு?"

"நடு ரூம்ல."

"அங்கயே பாக்க விடுவாங்களா?"

போனில் டிராக்டர் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "போன தபா மாதிரியே மாத்திரை குடுத்துடலாம்மா, நீ சொன்ன வேளைக்கு" என்றான். எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நான்தான்.

மறுநாள் கிளம்பும்போது அவனுக்குப் போன் செய்தேன். மாத்திரையைக் கொடுக்கச் சொன்னேன்.